ஊரும் பேரும் கேளாத அறம்

சங்கரனும் நாராயணனும் ஓருருவாய் எழுந்தருளி அருள்பாலிக்கும் சங்கரன்கோவில் திருத்தலத்திற்கு ஆடித் திங்களில் வரும் அன்பர்கள் சாலையோரத்தில் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மழையை எதிர்நோக்கிக் கிடக்கும் கரிசல் நிலம். மர நிழல் அரிதான நெடிய சாலை. புழுதியை வாரி இறைக்கும் ஆடிக்காற்று. அச்சாலையில் அடியார் சிலர் இறைநாமம் சொல்லியபடி கால்நடையாக வருகின்றனர். ஓரிடத்தில் நான்கு கழிகளை நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, பானையில் நீர்மோரும் பானகமும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தினர் காத்து நிற்கின்றனர். "சாமி, சற்று நிழலில் அமர்ந்து அருந்திவிட்டுச் செல்லுங்கள்" என்று கைகூப்பி அழைக்கின்றனர்.

நீர் தந்தவர் வந்தவருடைய ஊரைக் கேட்கவில்லை, பேரைக் கேட்கவில்லை, குலத்தைக் கேட்கவில்லை. அருந்தியவரும் தந்தவர் யாரென்று அறியார். அவர்கள் இருவரும் இனி ஒருமுறை சந்திப்பார்கள் என்பதற்கும் உறுதியில்லை. எனினும் அந்த ஒரு குவளை நீரில் அவ்விருவர்க்கும் இடையே ஓர் அறம் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. நம் முன்னோர் இதனை எவ்வாறு போற்றினர், நம் காலத்தில் இது எவ்வாறு நிலவுகிறது, இதனை நாம் எவ்வாறு காத்தல் வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

தவமும் நடையும்

தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ள இத்திருத்தலம் பண்டைக் காலத்தில் புன்னைவனம் எனப் பெயர் பெற்றிருந்தது. சிவனே உயர்ந்தவன் என்று சங்கன் என்னும் நாகமும், திருமாலே உயர்ந்தவன் என்று பதுமன் என்னும் நாகமும் வாதிட்டதையும், அவ்விருவரும் ஒன்றே என்னும் உண்மையை உலகம் காணும்பொருட்டு அன்னை கோமதி இவ்வனத்தில் ஒற்றைக் காலில் நின்று தவமியற்றியதையும் தலபுராணம் எடுத்துரைக்கிறது. அத்தவத்தின் பயனாக, வலப்பாகம் சிவனாகவும் இடப்பாகம் திருமாலாகவும் இறைவன் சங்கரநாராயணராய்க் காட்சியருளினார். அதனை நினைவுகூரும் திருவிழாவே ஆடித்தபசு.

இவ்விழாவில் அடியார் மேற்கொள்ளும் நேர்த்திகளுள் ஒன்று ஆடிச்சுற்று என்பதாகும். கொடியேறிய நாள் தொட்டுத் திருக்கோயிலை நூற்றெட்டு முறையும், இயன்றவர் அதற்கு மேலும் வலம் வருவர். ஒற்றைக் காலில் நிற்கும் அன்னையின் திருவடி நோவில் ஒரு சிறு பங்கைத் தாமும் ஏற்றுக்கொள்வதாக அவர்கள் கருதுகின்றனர். உலகைக் காக்கும் தாயின் நோவையும் தம் நோவாகக் கொள்ளும் இவ்வுள்ளம், வழியில் நடந்து வரும் ஏழை அடியானின் கால்நோவைக் கண்டு வாளா இருக்குமோ? பாதயாத்திரை அடியார்க்கு இப்பகுதி மக்கள் செய்யும் தொண்டின் வேர் இவ்வுள்ளத்திலேயே இருக்கிறது.

சங்கரன்கோவிலுக்கு நடந்து வருவோர் உள்ளனர். இங்கிருந்து பிற தலங்களுக்கு நடந்து செல்வோரும் உள்ளனர். தைப்பூசத்தை ஒட்டிப் பச்சை ஆடை உடுத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து திருச்செந்தூர்க் கடற்கரையை அடைவோரும், ஆடி வெள்ளிக்கிழமைகளில் இருக்கன்குடி மாரியம்மன் திருக்கோயிலுக்கு நடப்போரும் தென்மாவட்டங்களில் ஆண்டுதோறும் பெருந்திரளாகக் காணப்படுகின்றனர். இன்று ஒரு தலத்தில் பந்தலிட்டு உபசரிப்பவர் நாளை மற்றொரு தலத்திற்கு நடக்கும்போது உபசரிக்கப்படுபவர் ஆகிறார்.

இறைவன் ஏந்திய பொதிசோறு

வழிநடை வருத்தம் தீர்க்கும் தொண்டினை இறைவனே முன்னின்று செய்தருளிய வரலாறுகளைப் பெரியபுராணத்தில் காண்கிறோம்.

திருநாவுக்கரசர் திருப்பைஞ்ஞீலியை நோக்கி நடந்து வருகையில் பசியும் நீர்வேட்கையும் அவரை வருத்தின. நாவுக்கரசரோ நடையை நிறுத்தவில்லை. அப்போது இறைவன் வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, முதிய அந்தணர் வடிவில் பொதிசோற்றுடன் காத்திருந்தார். நாவுக்கரசரை அழைத்து, சோற்றை உண்டு குளத்து நீரைப் பருகி இளைப்பாறச் செய்தார். பின்னர் தாமும் அத்தலத்திற்கே செல்வதாகக் கூறி உடன் நடந்து, தலத்தை நெருங்கியதும் மறைந்தருளினார்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் சீகாழிப் பகுதியிலிருந்து திருக்குருகாவூரை நோக்கி வந்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. அடியார் கூட்டத்துடன் பசித்து வந்த அவருக்காக இறைவன் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் அமைத்து வேதியர் வடிவில் அமர்ந்திருந்தார். அனைவருக்கும் சோறும் நீரும் அளித்தார். உண்ட களைப்பில் அவர்கள் துயின்று எழுந்தபோது பந்தலும் இல்லை, பந்தலில் இருந்தவரும் இல்லை.

இவ்விரு வரலாறுகளிலும் இறைவன் முன்பின் அறியாத ஒரு மனிதராக வந்து கொடுத்தார். இளையான்குடி மாறநாயனார் வரலாற்றிலோ அவர் முன்பின் அறியாத ஒருவராக வந்து பெற்றுக்கொண்டார். செல்வம் முழுவதும் அன்னம் பாலித்தலில் கரைந்துபோன பின்னரும் மாறனார் தம் கொள்கையில் தளரவில்லை. மழை கொட்டும் நள்ளிரவில் ஓர் அடியார் வந்து கதவைத் தட்டினார். வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. அன்று பகலில் விதைத்த நெல்லை வயலில் இருந்து வாரிக்கொண்டு வந்தார் மாறனார். கூரையின் கழிகளை முறித்து விறகாக்கினார். அம்மையார் அந்நெல்லைப் பதப்படுத்திச் சோறாக்கினார். மாறனார் குழியில் இருந்து பறித்துத் தந்த கீரையைக் கறியமுது ஆக்கினார். வந்தவர் யாரென்று அவர்கள் கேட்கவில்லை. அடுத்த ஆண்டிற்கு வேண்டிய விளைச்சலே அன்றைய சோறாயிற்று என்றும் கலங்கவில்லை.

கொடுப்பவரிடத்தும் இறைவன் இருக்கிறான். கொள்பவரிடத்தும் இறைவன் இருக்கிறான் என்பதே இவ்வரலாறுகள் ஒன்றுசேர்ந்து நமக்கு உணர்த்தும் பொருள். இரு பாகங்களும் ஒரு திருமேனியாய் விளங்கும் சங்கரநாராயணரின் சந்நிதியில் நிற்போர்க்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

தம் பெயர் எழுதாத பந்தல்

திருவையாற்றுக்கு அருகில் உள்ள திங்களூரில் வாழ்ந்தவர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசரை அவர் கண்ணால் கண்டதில்லை. அவர்தம் பெருமையைக் காதால் கேட்டு அன்பு பூண்டவர். தம் மக்களுக்கும், ஆவினங்களுக்கும், வீட்டிலுள்ள அளவைகளுக்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார். வழிப்போக்கர் நீர் அருந்தும் பொருட்டுத் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார், குளம் தொட்டார், சோலை வளர்த்தார். அவை அனைத்திற்கும் அப்பெயரையே சூட்டினார்.

ஒருநாள் திருநாவுக்கரசரே அவ்வழியாக வந்தார். கோடை வெம்மையில் நீரும் நிழலும் தந்து நின்ற பந்தலைக் கண்டார். அதில் எங்கும் தம் பெயர் எழுதப்பட்டிருக்கக் கண்டு வியந்தார். அப்பூதியடிகளின் இல்லம் சென்று, "உம்முடைய பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதியது ஏன்?" என்று வினவினார். வந்தவர் யாரென்று அறியாத அப்பூதியடிகள், தம் ஆசானின் பெயரை வேறொரு பெயர் என்றதற்காகச் சினந்தார். பின்னர் வந்தவர் அவரே என்று அறிந்து அடியற்ற மரம்போல் அவர் திருவடியில் வீழ்ந்தார்.

ஒரு வழிப்போக்கருக்கு நீர் தந்தவர் தம் பெயரை மறைத்துக்கொண்டார். நீர் பெற வந்த வழிப்போக்கரே அந்தப் பெயருக்கு உரியவராக இருந்தார். அறம் செய்வோர் தம் பெயர் விளங்க வேண்டும் என்று எண்ணுவது மனித இயல்பு. அதனைக் குற்றமென்று எவரும் கூறார். ஆயினும் பந்தலில் கட்டப்படும் பெயர்ப்பலகை பானையைவிடப் பெரிதாகும்போது, திங்களூர்ப் பந்தலை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நலம் பயக்கும்.

சாலையும் சத்திரமும் சுமைதாங்கியும்

வழிச்செல்வோரைப் பேணுதல் தமிழர்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கம். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட, தான் முன்பின் அறியாத வறியவனுக்கு, 'இவ்வழியே சென்றால் இன்னாரிடம் நீயும் பெறலாம்' என்று நெறி காட்டுவதே ஆற்றுப்படையின் அமைப்பு. தான் பெற்ற நன்மை இன்னதென்பதை மறைக்காமல் அடுத்தவனுக்கும் அறிவிப்பதே அதன் அறம். பெரும்பாணாற்றுப்படையில் எயினர், ஆயர், உழவர், வலைஞர் என ஒவ்வொரு நிலத்து மக்களும் வழிப்போக்கருக்குத் தத்தம் நிலத்து உணவை அளித்து உபசரிக்கும் காட்சிகள் வருகின்றன. திருமுருகாற்றுப்படையிலோ செல்லும் இடம் முருகப்பெருமானின் திருவடியாகவே அமைந்துவிடுகிறது.

முப்பத்திரண்டு அறங்களுள் தண்ணீர்ப் பந்தல் வைத்தலும் ஒன்றாக எண்ணப்பட்டது. வழிப்போக்கருக்கும் அடியார்க்கும் உணவளிக்கும் சாலைகளுக்கென விடப்பட்ட நிலங்களைச் சாலாபோகம் என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. அவ்வாறு நிலம் விட்டதனால் இத்தொண்டு ஒருவருடைய ஆயுளோடு முடியாமல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்து, மரங்கள் நட்டு, சத்திரங்கள் கட்டினார். தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. மதுரை இரயில் நிலையத்தின் எதிரில் அவர் பெயரால் விளங்கும் சத்திரத்தைப் பலரும் கண்டிருப்பர்.

தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்களை நிறுவினர். ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. ஆட்சி கும்பினியாரின் கைக்கு மாறியபின், 1801ஆம் ஆண்டு இரண்டாம் சரபோஜி மன்னர் அச்சத்திரங்களின் தருமத்தைத் தடையின்றி நடத்த விடுமாறு வேண்டி எழுதிய கடிதம் இன்றும் போற்றத்தக்கது. எல்லாச் சாதியினருக்கும் எல்லா வகை யாத்திரிகருக்கும் அங்கே சோறு வழங்கப்பட்டது. நோயுற்றோருக்கு மருத்துவமும் பத்திய உணவும் தரப்பட்டன. குழந்தைகளுக்குப் பால் தரப்பட்டது. கருவுற்ற பெண்கள் அங்கேயே பேணப்பட்டனர். வழியில் இறந்தோருக்கு அவரவர் வழக்கப்படி இறுதிக்கடன் செய்யப்பட்டது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணுமாறு அறிவிக்கப்பட்டது. அந்த மணியோசையை எண்ணும்போது, இளையான்குடியின் நள்ளிரவு நம் நினைவிற்கு வருகிறது.

மன்னர்கள் மட்டுமே இவ்வறத்தைச் செய்தனர் என்று எண்ணுதல் வேண்டா. ஊர்ப்புறங்களில் சாலையோரம் இரண்டு கற்களை நிறுத்தி அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய அமைப்பைக் காணலாம். இதுவே சுமைதாங்கி. தலைச்சுமையுடன் நடப்பவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும், மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில், வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்துபட்ட பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இதனை நிறுவுவது வழக்கம். தம் வீட்டுத் துயரம் ஆறாத நிலையிலும் அறிமுகமில்லாத ஒருவரின் சுமையை இறக்க எண்ணிய அவ்வெளிய மக்களின் அறத்திற்கு எந்தச் சத்திரமும் ஈடாகாது.

நடத்தல் ஒரு விரதமான காலம்

முற்காலத்தில் நடத்தல் வேறு வழியின்மையால் நிகழ்ந்தது. நகரத்தார் பெருமக்கள் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குக் காவடி சுமந்து செல்லும் பாதயாத்திரையின் தொடக்கமே 17ஆம் நூற்றாண்டின் வணிகப் பயணத்தோடு பிணைந்தது. நெற்குப்பையைச் சேர்ந்த வணிகர் ஒருவர் பழனிப் பகுதியில் உப்பு வாணிகம் செய்து, ஆதாயத்தில் ஒரு பங்கை முருகப்பெருமானுக்கு மகமையாகச் செலுத்தினார் என்பது அவர்தம் மரபு வரலாறு.

இரயில் வந்தது, பேருந்து வந்தது. விருதுநகரையும் தென்காசியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1927ஆம் ஆண்டு அமைந்தபின் சங்கரன்கோவிலுக்கும் இரயிலில் வர முடிந்தது. சத்திரத் திண்ணைகள் வெறிச்சோடின. ஆயினும் பாதயாத்திரை அற்றுப்போகவில்லை. இன்று நடந்து வரும் அடியார், தம் அருகே பேருந்து செல்வதைக் கண்டும் அதில் ஏறாமல் நடக்கிறார். வீட்டில் தமக்கென வைத்துள்ள உணவையும் படுக்கையையும் விட்டு வருகிறார். அடுத்த வேளை நீரை யார் தருவார் என்பது அவருக்குத் தெரியாது. ஊரில் பிறருக்கு அளந்து கொடுக்கும் நிலையில் உள்ளவரும் வழியில் ஒரு குவளை மோருக்குக் கையேந்தி நிற்கிறார். செருக்கு கரைவதற்கு இதனினும் எளிய வழி வேறு இல்லை. பாதயாத்திரையின் பயன் தலத்தை அடைந்தபின் கிட்டுவது மட்டுமன்று. வழியிலேயே அது தொடங்கிவிடுகிறது.

எல்லை கடந்த ஓர் அறம்

இவ்வறம் நம் நாட்டளவில் நின்றுவிடவில்லை. மகாராட்டிரத்தில் ஞானேசுவரர், துக்காராம் ஆகிய அருளாளர்களின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்தி, ஆளந்தியிலிருந்தும் தேகுவிலிருந்தும் பண்டரிபுரத்திற்கு வார்கரி அடியார்கள் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடக்கின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் 'மாவுலி' என்று அழைக்கின்றனர். தாய் என்பது அதன் பொருள். நம் நாட்டில் வழியில் எதிர்ப்படும் அடியாரைச் 'சாமி' என்று அழைப்பதும் இவ்வகையதே. ஊர் பேர் அறியாதவரை அழைக்க இவற்றினும் சிறந்த பெயர்கள் எவை?

இலங்கையில் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கிழக்குக் கரை வழியாகச் செல்லும் பாதயாத்திரை ஒன்றரை மாதத்திற்கு மேல் நிகழ்வது. வழியிலுள்ள சிற்றூர்களின் மக்கள் அடியார்களை வரவேற்று, கோயில்களில் தங்கவைத்து அமுது படைக்கின்றனர். போர்க்காலத்தில் தடைப்பட்டிருந்த இந்நெடுநடை மீண்டும் தழைத்தமைக்கு அவ்வெளிய மக்களின் அன்பே துணைநின்றது.

சப்பான் நாட்டின் ஷிகோகு தீவில் எண்பத்தெட்டுப் புத்தக் கோயில்களை இணைக்கும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் யாத்திரை வழி ஒன்று உண்டு. அவ்வழியில் வாழ்வோர் யாத்திரிகர்களுக்குப் பழம், தேநீர், உணவு, காசு முதலியவற்றைத் தருகின்றனர். இவ்வழக்கிற்கு 'ஒசெட்டாய்' என்று பெயர். கோபோ தைஷி என்னும் ஞானி ஒவ்வொரு யாத்திரிகருடனும் கண்ணுக்குத் தெரியாமல் உடன் நடக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆதலின் யாத்திரிகருக்குத் தருவது அந்த ஞானிக்கே தருவதாகும். அதனை மறுத்தல் முறையன்று. பெற்றுக்கொண்டவர் தம் பெயர் எழுதிய சிறு தாளை நன்றியாக அளிக்கிறார்.

வட அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடர் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் நடைபாதை ஒன்று இருக்கிறது. அங்கு நடப்போர் பெரும்பாலும் யாத்திரிகர் அல்லர். மலையழகைக் காணவும் மனவுறுதியைச் சோதிக்கவும் நடப்பவர்கள். அவர்களுக்கும் வழியோரத்து மக்கள் உணவும் நீரும் வைத்துச் செல்கின்றனர். தம் வீட்டில் தங்கவைக்கின்றனர். அவ்வாறு உதவுவோரைப் 'பாதைத் தேவதைகள்' என்று நடப்போர் அழைக்கின்றனர். மொழி வேறு, சமயம் வேறு. நடந்து களைத்தவரைக் கண்டதும் நெஞ்சில் சுரக்கும் இரக்கம் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

மாலை அணியாத வழிப்போக்கர்

இங்கு நம் நெஞ்சைத் தொட்டு ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். மாலை அணிந்து, விரத ஆடை உடுத்து வருபவரை நாம் உபசரிக்கிறோம். அவை இல்லாமல் நடந்து வருபவரை என்ன செய்கிறோம்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் நாள் நாடெங்கும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. பேருந்தும் இரயிலும் நின்றன. நகரங்களில் கூலிவேலை செய்துவந்த இலட்சக்கணக்கான தொழிலாளர், பிழைப்பும் தங்குமிடமும் இழந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள சொந்த ஊர்களை நோக்கிக் குழந்தைகளுடன் நடந்தனர். அவ்வாண்டு மே 8ஆம் நாள் மகாராட்டிரத்தில் அவுரங்காபாத் அருகே இருப்புப்பாதையிலேயே களைத்து உறங்கிய தொழிலாளர் 16 பேர் சரக்கு இரயில் மோதி உயிரிழந்தனர். தலைசாய்க்க ஒரு திண்ணை அவர்களுக்குக் கிட்டியிருந்தால் என்னும் எண்ணம் இன்றும் நெஞ்சை வருத்துகிறது.

அக்கொடிய நாட்களிலும் நெடுஞ்சாலையோர மக்கள் பலர், நோய் தம்மையும் பற்றிவிடுமோ என்னும் அச்சத்தை மீறி, சோற்றுப் பொதிகளையும் நீரையும் செருப்புகளையும் ஏந்தி நின்றனர். நடந்தவர் எந்தத் தலத்திற்கும் செல்லவில்லை. எந்த நேர்த்தியும் செலுத்தவில்லை. எனினும் அவர்களுக்கு அளித்த ஒவ்வொரு பிடிச் சோறும் இறைவனுக்குப் படைத்த அமுதேயாகும். 1867ஆம் ஆண்டு வடலூரில் வள்ளலார் ஏற்றிவைத்த தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாது எரிகிறது. அங்கு உண்ண வருவோர்க்குப் பசி ஒன்றே அடையாளம். வேறு அடையாளம் கேட்கப்படுவதில்லை. இத்தன்மையே வழிநடை அறத்தின் உரைகல்.

நடப்போர் கவனத்திற்கு

ஏற்பதும் ஓர் அறமே. அன்போடு அழைப்பவரின் பந்தலில் பசியில்லை எனினும் ஒரு மிடறு நீரேனும் அருந்திச் செல்லுதல் நன்று. வேண்டிய அளவே பெறுக. வாங்கிய உணவை வீணாக்கற்க. இலையையும் குவளையையும் உரிய இடத்தில் இடுக. நடந்து செல்வோரின் சுவடு சாலையில் குப்பையாக எஞ்சுதல் ஆகாது.

சாலையில் எதிரே வரும் வண்டிகளைக் காணும்படி வலப்புற ஓரமாக வரிசையாக நடத்தல் வேண்டும். இரவு நேரப் பயணத்தை இயன்றவரை தவிர்த்தல் நலம். தவிர்க்க இயலாதபோது வெளிர்நிற ஆடை உடுத்தி, ஒளி பிரதிபலிக்கும் பட்டையைப் பையிலும் முதுகிலும் ஒட்டிக்கொள்ளுதல் வேண்டும். சாலையின் மேல் அமர்ந்து இளைப்பாறுதலும் உறங்குதலும் அறவே கூடா. இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உடையோர் மருத்துவரின் அறிவுரை பெற்றே புறப்படுதல் வேண்டும்.

உதவுவோர் கவனத்திற்கு

பந்தலைச் சாலையின் விளிம்பில் அமைக்காமல் சற்று உள்ளே தள்ளி அமைத்தல் வேண்டும். நீர் வாங்க வருவோர் வண்டிகளுக்கு இடையே நிற்கும் நிலை நேருமானால், அறம் செய்யப் புகுந்து ஆபத்தை விளைத்தவர் ஆவோம். காய்ச்சி ஆறிய நீரையோ நன்கு தூய்மை செய்த நீரையோ வழங்குக. அன்னம் பாலிப்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்து, சமைத்த உணவை நெடுநேரம் வைத்திராமல் உடனுக்குடன் பரிமாறுக. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளன. வாழையிலை, தையல் இலை, கழுவிப் பயன்படுத்தும் குவளை ஆகியனவே நம் மரபுக்கும் ஏற்றவை.

வெயிலில் நடந்து தளர்ந்தவருக்கு ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கலந்து, சிறிது சிறிதாகப் பருகத் தரலாம். காலில் கொப்புளம் கண்டவர்க்கு அதனைக் கிழிக்காமல், சுத்தமான நீரால் கழுவித் துணி கட்டுதல் போதும். மயங்கி விழுந்தவரையும் விபத்தில் சிக்கியவரையும் கண்டால் 108 ஊர்தியைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். உதவப்போனால் வழக்கு, சாட்சி என்று அலைய நேரும் என்னும் அச்சம் இனி வேண்டா. 2019ஆம் ஆண்டு திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரைக் காக்கிறது. தம் பெயரைச் சொல்லுமாறும் அவரை வற்புறுத்த இயலாது. திங்களூர்ப் பந்தலின் அறத்தை இன்றைய சட்டமும் ஒருவாறு ஏற்றுக்கொண்டுள்ளது எனலாம்.

பொருள் இல்லையே என்று எவரும் தளர வேண்டா. வீட்டு வாயிலில் ஒரு பானை நீரும் ஒரு குவளையும் வைப்பதற்கு எவ்வளவு பொருள் வேண்டும்? திண்ணையில் சற்று அமர இடம் தருவதற்கும், வழி கேட்பவருக்கு நின்று பொறுமையாக வழி சொல்லுவதற்கும் என்ன செலவாகும்? திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அன்னதானத் திட்டத்திற்கு அன்பர்கள் தம்மால் இயன்றதைச் செலுத்துவதும் இவ்வறத்தின் ஒரு கிளையே.

நிறைவாக

தபசு நாளின் மாலையில் அன்னைக்குக் காட்சி தந்தருளும் சங்கரநாராயணரைத் தரிசிக்கப் பல்லாயிரவர் கூடுகின்றனர். அக்கூட்டத்தில் உமக்கு இடப்புறம் நிற்பவரும் வலப்புறம் நிற்பவரும் யாரென்று உமக்குத் தெரியாது. ஒருவர் பேருந்தில் வந்தவராகலாம். மற்றவர் காலில் கொப்புளத்துடன் நடந்து வந்தவராகலாம். வேறொருவர் அந்நடந்து வந்தவருக்கு முந்தைய நாள் மோர் வார்த்தவராகவும் இருக்கலாம். அவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள். இரு பாகத்தையும் ஒரு மேனியில் கொண்ட இறைவன் அவர்கள் எல்லோரையும் அறிவான்.

தரிசனம் முடிந்து வீடு திரும்பும் அன்பர்களே! வழியில் நடந்து செல்வோர் எவரேனும் எதிர்ப்பட்டால், அவர் மாலை அணிந்தவராயினும் அணியாதவராயினும், ஊரும் பேரும் கேளாமல் ஒரு குவளை நீர் தருவீராக. அன்னை கோமதியின் திருவருள் அனைவர்க்கும் வழித்துணையாக நிற்பதாக!